பம்பைக் கழற்றினேன்... பாடம் படித்தேன்!

மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிற கீழக்குயில்குடிதான் எனக்கு ஊர். அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். விடியுமுன் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்த்தால்தான் காசு. வெயில் ஏறி மொட்டு இளகிவிட்டால், வியாபாரி சொல்வதுதான் விலை. அதனால் எங்கள் வீட்டில் பைக்கும் ஒரு விவசாயக் கருவிதான்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கார்புரேட்டர் வண்டி. இந்த மாதிரி வண்டியில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கும்; பம்ப் தேவையில்லை. ஆனால், முதலில் வைத்திருந்தவர் 'பெட்ரோல் வரத்து குறைவு' என்று, இன்ஜின் இழுப்பில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றை நடுவில் மாட்டியிருந்தார். நானும் அப்படியே ஓட்டினேன்.

போன சித்திரையில் சைலன்சரில் கரும்புகை வந்தது. பெட்ரோலும் அதிகம் குடித்தது. பம்பைப் பிரித்தால், உள்ளே இருந்த ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. அதன் வழியாக பெட்ரோல், இழுப்பு டியூபில் புகுந்து நேராக இன்ஜினுக்குப் போயிருக்கிறது. 'நாமே பார்ப்போம்' என்று பம்பைக் கழற்றிவிட்டு, இருந்த நீளமான டியூபையே இன்ஜின் மேல் வளைத்துவிட்டு, கம்பியால் கட்டிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை. முன்னால் பூ மூட்டை, பின்னால் மனைவி. நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் வண்டி திணறி நின்றது. உதைத்து உதைத்துக் கிளப்பினேன். "என்னங்க, பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிக்குது" என்று மனைவி இறங்கிவிட்டார். குனிந்து பார்த்தால், கம்பிக் கட்டு நழுவி, சூடான சைலன்சருக்கு நான்கு விரல் தள்ளி பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. டேப்பை மூடிவிட்டு, இருவரும் தள்ளிப் போய் நின்றோம். அன்றைக்குப் பூ வெயில் ஏறித்தான் மார்க்கெட் போனது. விலையை விடுங்கள், அந்தச் சொட்டு நினைவுக்கு வந்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பக்கத்து மெக்கானிக் தம்பி டியூபைப் பார்த்ததும் சிரித்தார். "அண்ணே, நீங்க விவசாயி. வாய்க்கா தண்ணி மேடேறிப் பாயுமா?" என்றார். டியூப் மேலேறி இறங்கிய வளைவில் காற்று தங்கி, இன்ஜின் சூட்டில் பெட்ரோலும் ஆவியாகி அடைத்திருக்கிறது. நம் பைப் லைனில் மேட்டில் ஏர் வால்வு வைக்காவிட்டால் தண்ணீர் நிற்பதுபோலத்தான்.

அடுத்து டேங்க் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியில் இருக்கும் காற்று ஓட்டை மண்ணால் அடைபட்டிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. முதலில் வரத்து குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஒரு ஊசியால் முடிந்திருக்கும் வேலைக்குப் பம்ப் மாட்டியிருக்கிறார்கள்!

அன்றைக்கு நான் கற்றவை இவை:

இன்ஜின் ஆறிய பிறகு, திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரை, டியூப் ஒரே சரிவாக இறங்க வேண்டும். மடங்கவும் கூடாது; இன்ஜின் தலை, சைலன்சரில் உரசவும் கூடாது.

பெட்ரோலுக்கென்று விற்கும் டியூபையே வாங்குங்கள். மட்டம் பார்க்கும் டியூப் இறுகி வெடித்துவிடும். இரு முனையிலும் கிளிப் போடுங்கள், கட்டுக்கம்பி வேண்டாம்.

பம்புக்கு இழுப்பு எடுத்த குழாயை ரப்பர் மூடி போட்டு இறுக்கமாக அடையுங்கள். திறந்து கிடந்தால் காற்று புகுந்து, இன்ஜின் தாறுமாறாக ஓடிச் சூடேறும்.

கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றி, பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் விடாமல் ஒழுக வேண்டும். சிறிது நேரத்தில் குறைந்தால், டேங்க் மூடியைத் திறங்கள். உடனே வேகம் கூடினால் மூடி ஓட்டைதான் அடைப்பு. கூடாவிட்டால் டேப், ஃபில்ட்டரைப் பாருங்கள்.

டேங்க், கார்புரேட்டரை விடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் பம்பைக் கழற்றக் கூடாது. டேங்க் நிறைந்திருக்கும்போது ஓடினாலும், பாதியானதும் நின்றுவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன் வகை. அவற்றில் டேங்குக்கு உள்ளே கரன்ட் பம்ப், அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளும். அது இல்லாமல் வண்டி ஓடாது. வீட்டில் கை வைக்கவும் வேண்டாம்.

கழற்றிய பம்ப் இன்னும் மோட்டார் ரூம் மாடத்தில் கிடக்கிறது. வண்டி ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் தினமும் ஏறுமுன் என் மனைவி டேங்க் அடியில் ஒரு முறை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். நானும் அவசரப்படுத்துவதில்லை.