முன் கவருக்குள் சிக்கிய மணல்

ஜிஎஸ்டி சாலையில் படாளத்தைத் தாண்டி மதுராந்தகம் வருவதற்குள் கருங்குழி. அங்கே சாலையோரத்தில் ஒரு ரெக்சின் பட்டறை இருக்கிறது. தகரக் கொட்டகை, கனமான துணி தைக்கும் மிஷின்கள், சுவரோரம் சுருட்டி நிறுத்திய தார்ப்பாய்கள். ஆட்டோ டாப்பும் சீட் கவரும் டிப்பர் தார்ப்பாயும்தான் அன்றாட வேலை. எப்போதாவது யாராவது காருக்கு முன் கவர் கேட்டு வருவார்கள். பானட்டின் முன்விளிம்பையும் பம்பரையும் மூடி, கொக்கியும் எலாஸ்டிக்குமாக இழுத்துக் கட்டும் கறுப்பு ரெக்சின் உறை அது. அமெரிக்காவில் 1980-களில் அதற்குப் பெரிய மோகம் இருந்தது. நம் ஊரில் அபூர்வம். அதைத் தைக்கத் தெரிந்த கைகளைப் பார்க்கத்தான் போனேன்.

இந்தச் சாலையில் அப்படி ஒரு உறையை ஒருவர் விரும்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஓயாமல் ஓடுகின்றன. பின்னால் வரும் காரின் முகத்தில் ஒரு துணுக்கு தெறித்தால் போதும், பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரியும். காரின் மேல் இருக்கும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். மழை ஓய்ந்த மாலைகளில் மதுராந்தகம் ஏரிப் பக்கம் போனால் ஈசலும் பூச்சியும் முகப்பில் அப்பிக்கொள்ளும். வெயிலில் காய்ந்துவிட்டால் அது கிளியர் கோட்டை அரித்துத் தழும்பு விட்டுப் போகும். முன்பு பலர் இரும்பு பம்பர் கார்டு மாட்டியிருந்தார்கள். மோதினால் அது நடந்துபோகிறவருக்கும் காருக்குள் இருப்பவருக்கும் ஆபத்து என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கார்டைக் கழற்றிவிட்டு வந்து ரெக்சினில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு என்றார் பட்டறை மாஸ்டர்.

மாஸ்டர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தொழில் பழகியவர். அளவு எடுக்க டேப்பைத் தொடுவதே இல்லை. கோராத் துணியைப் பானட்டின் மேல் விரித்து, ஓரங்களை ஒட்டி நிறுத்தி, உள்ளங்கையால் நீவிக்கொண்டே போகிறார். வளைவு எங்கே மடிகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. அந்தக் கோடுதான் பிறகு தையலாகிறது. ரெக்சினின் உள்பக்கம் மெத்தென்ற பிளானல் துணி. தையலின் மடிப்பும் நூல் முடிச்சும் பெயிண்ட் பக்கம் வரவே கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. உதவிக்கு இருந்த பையன் ஒரு முடிச்சை உள்ளே விட்டிருந்தான். சத்தம் போடாமல் பிரித்து, "திருப்பித் தைடா தம்பி" என்று கொடுத்தார்.

கிரில் வருமிடத்தில் ரெக்சின் வராது, வலைதான். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் காற்று போகாவிட்டால் கத்திரி வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். விளக்கு, நம்பர் பிளேட் எதையும் மறைக்கக் கூடாது. புது மாடல்களில் கிரில்லுக்குப் பின்னாலோ பம்பரிலோ ரேடார் இருக்கும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அதை நம்பித்தான் இயங்குகிறது. அப்படிப்பட்ட கார் வந்தால் மாஸ்டர் தைக்க மறுத்துவிடுகிறார். காசை விட்டுக்கொடுத்து அவர் சொல்லும் அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான் இருந்தபோது மாமல்லபுரத்திலிருந்து ஒரு டூரிஸ்ட் டாக்சி வந்தது. மழைக்காலம் முழுக்கக் கவரைக் கழற்றாமலே ஓட்டியிருக்கிறார் டிரைவர். கொக்கிகளை விடுவித்து மாஸ்டர் மெல்லத் தூக்கினார். பிளானலில் பூஞ்சை நாற்றம். கீழ் மடிப்பில் ஒரு கைப்பிடி கடல் மணல். பானட் விளிம்பில் பால் தெளித்ததுபோல் வெளிறிய திட்டு, உள்ளே தங்கிய ஈரம் கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டதன் அடையாளம். பம்பர் மூலையில் கவர் காற்றில் அடித்து அடித்துத் தேய்ந்த பட்டை.

"கழட்ட எங்கண்ணே நேரம்?" என்றார் டிரைவர்.

"கவர் கீறாதுப்பா. உள்ள மாட்டுற மண்ணுதான் கீறும்" என்றார் மாஸ்டர். பிறகு பானட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவினார். எனக்கும் பையைக் கொடுத்தார். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பையின் வழியே நறநறத்தது.

அடுத்த அரைமணி நேரம் அவர் செய்ததுதான் இந்தக் கவரைப் பராமரிக்கும் முறை. கழற்றும்போது பெயிண்டின் மேல் இழுக்கவே கூடாது, தூக்க வேண்டும். கவரையும் காரையும் தனித்தனியாக முதலில் வெறும் தண்ணீரால் அலச வேண்டும். துடைப்பது அதற்குப் பிறகுதான். காய்ந்த பூச்சியின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டால் தானே விடும், சுரண்ட வேண்டியதில்லை. கார் ஷாம்பு போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகக் கூடாது. ரெக்சினை வளையவைக்கும் எண்ணெய்ப்பசையை அவை உறிஞ்சிவிடும், பிறகு ரெக்சின் விறைத்து வெடிக்கும். பிளானலை மென்மையான பிரஷால் ஒரே திசையில் தேய்த்து, நுரை போகும்வரை அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் கொடியில் போட வேண்டும். வாஷிங் மெஷின் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. கரையோரத்துப் போர்த் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்.

திரும்ப மாட்டும்போது காரும் கவரும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பெயிண்டில் வாக்ஸ் போட்டுவிட்டு மாட்டுவது நல்லது. மாட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்திக் கொக்கிகளைச் சரிபார்க்க வேண்டும். தளர்ந்த விளிம்பு வேகத்தில் படபடத்துப் பெயிண்டைத் தின்றுவிடும். மழையில் நனைந்தால் அன்றே கழற்ற வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிக்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஃபாக்டரியில் 140 டிகிரி அளவில் சுடப்பட்ட பெயிண்ட் வேறு, நம் பட்டறைகளில் அடிப்பது வேறு. அதிலிருக்கும் கரைப்பான் வெளியேற நாளாகும். நிற்கும் வண்டிக்குக் கவரே வேண்டாம். மாதக்கணக்கில் மூடிவைத்தால் மூடிய இடம் ஒரு நிறம், வெயில் பட்ட இடம் ஒரு நிறம் ஆகிவிடும்.

என் கருத்து இதுதான்: வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ முடியாதவர் இதை வாங்கவே வேண்டாம். நெடுந்தூரப் பயணத்துக்கு மாட்டி, வீடு திரும்பியதும் கழற்றுகிறவருக்கு மட்டுமே இது உதவும். மாஸ்டரும் வாடிக்கையாளர்களிடம் அதையே சொல்கிறார்.

மாலையில் பையன் ஒரு டிப்பர் தார்ப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஜல்லி ஏற்றும் ஒவ்வொரு லாரியும் ஒழுங்காகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போனால் பாதிக் கார்களுக்கு இந்த முன் கவர் தேவைப்படாது. கிழிந்த தார்ப்பாயோடு வருகிறவர்கள் ஒட்டுப்போடச் சொல்கிறார்களே தவிர, புதிது கேட்பவர்கள் குறைவு என்றார் மாஸ்டர்.

கொட்டகைக்குள் பிசின் நெடியும் தகரத்துச் சூடும் சேர்ந்து தலையைக் கனக்கவைத்தன. கனத்த ரெக்சினை ஊசிக்கு அடியில் தள்ளித் தள்ளி மாஸ்டரின் விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கின்றன. பீஸ் கணக்கில்தான் கூலி; வேலை வராத நாளில் ஒன்றும் இல்லை. தமிழ்நாடு தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டால் விபத்து உதவியும் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. துணி தைக்கிறவர்களுக்குத்தான் அது என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரெக்சின் தைப்பதும் தையல்தானே என்றேன். மாஸ்டர் பதிந்திருக்கவில்லை. பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவனுடைய ஆதார் அட்டையை எடுத்து வரச் சொல்லி அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்.