அழிஞ்சிலுக்கு அக்கம்பக்கம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கு அரசு மரமும் அரசு மலரும் ஒன்றுதான்: டாக்வுட். குளிர்காலம் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போது, இலை முழுதாக விரிவதற்கு முன்பே கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நான்கு பெரிய இதழ்கள் போலத் தெரிபவை உண்மையில் இதழ்களே அல்ல. பூவுக்கு அடியில் வரும் இலைகள்தான் வெளுத்து விரிந்து நிற்கின்றன. நடுவில் பொத்தான் மாதிரி இருக்கும் கொத்துதான் நிஜப் பூக்கள். ஜப்பானின் டோக்கியோ நகரம் 1912-ல் வாஷிங்டனுக்குச் செர்ரி மரங்களைப் பரிசாகக் கொடுத்தபோது, அமெரிக்கா 1915-ல் பதிலுக்கு அனுப்பியது டாக்வுட் கன்றுகளைத்தான்.

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவருக்கு இந்த மரம் வீடியோ கால் மூலம் அறிமுகமானது. மகன் குடும்பம் வர்ஜீனியாவில் வீடு வாங்கியபோது வாசலில் ஒரு டாக்வுட்டும் சேர்ந்தே வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் பேத்தி அதன் கீழே நின்று பாட்டிக்குப் பூவைக் காட்டுவாள்.

"அதே மரத்துல ஒரு கன்னு இங்க வெச்சா, நீங்க பாக்குற பூவையே நானும் பாத்துக்கிட்டு இருப்பேன்ல?" என்று ஒருநாள் மருமகளிடம் கேட்டார்.

"அத்தை, அது குளிர்ல தூங்கி எழுந்திரிக்கிற மரம். நம்ம ஊர் சித்திரை வெயிலைத் தாங்காது" என்றாள் மருமகள்.

"சரி. அதுக்குப் பக்கத்துல என்னென்ன வெச்சிருக்கே? அதையாவது சொல்லு."

மருமகள் சொன்ன பட்டியலில் அசேலியா இருந்தது, பெரணி இருந்தது, தரையோடு தரையாகப் படரும் நிழல்செடிகள் இருந்தன. ஏன் அவை மட்டும் என்று ஆசிரியை விடாமல் கேட்டார். டாக்வுட் காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளரும் சின்ன மரம். வேர் ஆழமாகப் போகாது, மண்ணின் மேல்பரப்பிலேயே பரவும். அடிக்கடி கொத்திக் கிளறினால் வேர் அறுபடும். சற்றுப் புளிப்பான, ஈரம் காக்கும், இலைமக்கு நிறைந்த மண் அதற்குப் பிடிக்கும். அசேலியாவுக்கும் பெரணிக்கும் பிடித்த மண்ணும் அதுவே. ஒருமுறை நட்டுவிட்டால் தோண்டத் தேவையில்லை.

தோழமைச் செடி என்பதன் கணக்கே இதுதான். நிறம் பொருந்துகிறதா என்பது இரண்டாவது கேள்வி. ஒரே தண்ணீர், ஒரே மண், ஒரே வெயில் இரண்டுக்கும் ஒத்துவருமா என்பதே முதல் கேள்வி. வர்ஜீனியாவின் பட்டியலை அப்படியே மண்டகப்பட்டில் இறக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை இறக்குமதி செய்யலாம்.

அதற்கு முதலில் மரம் வேண்டுமே! ஆசிரியை தன் பழைய பழக்கப்படி டாக்வுட்டின் தாவரக் குடும்பத்தைத் தேடினார். கார்னேசியே. அந்தக் குடும்பத்தில் நம் சமவெளிக் காட்டு மரம் ஒன்றையும் இன்றைய தாவரவியலாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். அதுதான் அழிஞ்சில். ஊர்ப்பக்கம் அழிஞ்சி என்பார்கள். அழிஞ்சிவாக்கம், அழிஞ்சிக்குப்பம் என்று ஊர்ப் பெயர்களிலேயே நிற்கிற மரம். டாக்வுட்டுக்கு நம்மூர்ப் பங்காளி.

அந்தப் பங்காளி அவர் வீட்டுக் கொல்லை வேலியோரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. யாரும் நட்டதில்லை. பறவை போட்ட விதையில் முளைத்து, ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. அந்த மாசியில் ஓர் இலை இல்லை. கொல்லையைச் சுத்தம் செய்ய வந்தவர், "காஞ்சு போச்சும்மா, முள்ளு வேற. வெட்டிடலாமா? அந்த இடத்துல ரோஜா வைக்கலாம்" என்று அரிவாளோடு நின்றார்.

"பத்து நாள் பொறுங்கண்ணே" என்றார் ஆசிரியை.

அழிஞ்சில் கோடை நெருங்கும்போது இலையை உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளையில் பூக்கும் மரம். பத்து நாளில் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூக்கள் வந்தன. ஒடுங்கிய இதழ்கள் பின்னால் சுருண்டு, நடுவே மகரந்தக் கேசரங்கள் தூரிகை மாதிரி நீட்டிக்கொண்டு, கொல்லை முழுக்க வாசம். செடிக்காரர் அரிவாளை மடக்கிவிட்டு, "இதுக்குப் பக்கத்துல என்னம்மா வைக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நர்சரியில் பதில் கிடைக்காது. கோயில் காடுகளில் கிடைக்கும். விழுப்புரம் மாவட்டத்திலேயே, புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. ஆரோவில்காரர்கள் பொட்டல் நிலத்தை மறுபடி காடாக்கியபோது இப்படிப்பட்ட கோயில் காடுகளையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிச் சேமித்து, மாசக்கணக்கில் வறட்சியைத் தாங்குகிற செடிகளின் கூட்டம் அது. அழிஞ்சில் வளர்வதும் இதே வறண்ட காட்டுக் கூட்டத்தில்தான்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வீட்டுக்கொல்லைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். அழிஞ்சிலுக்குப் பின்னால் காயா. வருடம் முழுக்கக் கரும்பச்சையாக நிற்கும், நீலப் பூப் பூக்கும். அழிஞ்சில் இலையில்லாமல் பூக்கும்போது, பின்னால் பச்சைத் திரை இருந்தால்தான் அந்த வெள்ளை கண்ணில் படும். வேலிக்குக் களா, முள்ளும் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு. கிளை நிழல் விழும் இடத்தில் பாவட்டை. அதுவும் வெள்ளைப் பூதான். வெயில் நேராக விழும் பக்கம் ஆவாரை. தரையில் மருள். கல் குவிந்த மூலையில் பிரண்டை. சங்குப்பூ வேண்டுமென்றால் வேலியில் ஏற்றலாம். இளமரத்தின் மேல் ஏறவிடக் கூடாது.

எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். ரோஜா, குரோட்டன்ஸ், வாழை, புல்தரை எல்லாம் தினமும் தண்ணீர் கேட்பவை. கோடையில் ஓய்வெடுக்கும் மரத்தின் காலடியில் அவற்றை வைத்தால் யாராவது ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும். ரோஜாவைக் கிணற்றடிப் பக்கம் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தண்டைச் சுற்றி மூன்றடிக்கு எதையும் நடாமல், உதிர்ந்த இலையை எரிக்காமல் அங்கேயே மூடாக்காகப் பரப்பிவிடுவது நல்லது. கிளை நுனி முள்ளாக முடிவதால் நடைபாதையை ஒட்டி வேண்டாம். துணைச்செடிகளைப் புரட்டாசி கடைசியில் நட்டால் பருவமழை பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை கைத்தண்ணீர் போதும். வேரும் பட்டையும் சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன என்பதற்காக வீட்டிலேயே கஷாயம் போட்டுக் குடிப்பது ஆபத்து.

மண்டகப்பட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் இங்குள்ள குடைவரையில் கல்வெட்டு வைத்து 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து கட்டவில்லை, இங்கே இருந்த பாறையையே குடைந்தான். கொல்லையிலும் அதையே செய்தார் ஆசிரியை. தோட்டத்துக்கு ஆன செலவு காயா, பாவட்டைக் கன்றுகளுக்குக் கொடுத்தது மட்டும்.

அழிஞ்சிலைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கீழே விழுந்த விதை திரும்பப் போய்த் தாய்மரத்திலேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஏறழிஞ்சில் என்ற பெயரே அதனால்தான் என்பார்கள். பக்திக்கு உவமையாக 'சிவானந்தலஹரி'யிலும் இது வருகிறது. பேத்திக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

"நிஜமாவா பாட்டி, திரும்பி வந்துடுமா?"

முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவரால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லடா தங்கம். விதையைச் சுத்தி பிசுபிசுன்னு சதை இருக்கும், அதான் ஒட்டுற மாதிரி தெரியுது. பழத்தைக் குருவி தின்னுட்டு எங்கயோ கொண்டுபோய்ப் போட்டுடும். போட்ட இடத்துல அது நல்லா வேர் விட்டுடும்."

பேத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க டாக்வுட் பழத்தையும் குருவிங்கதான் திங்குது பாட்டி" என்றாள்.

இப்போது மாசி கடைசியில் மண்டகப்பட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பூப் படம் போகிறது. ஏப்ரலில் வர்ஜீனியாவிலிருந்து ஒன்று வருகிறது. இரண்டும் ஒரே பூ இல்லை. ஒரே குடும்பம்.