‘லா’ என்னும் சொல்லும் டென்மார்க்குத் தமிழரும்

சட்டத்தைக் குறிக்கும் ‘லா’ என்னும் ஆங்கிலச் சொல், இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய டேனியர் முதலிய நோர்டிக் மக்களின் மொழியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துள் புகுந்தது. நிலையாக வைக்கப்பட்டது என்பதே அதன் அடிப்படைப் பொருள். டேனியரின் சட்டம் செல்லுபடியான நிலப்பகுதி ‘டேன்லா’ எனப்பட்டது. சட்டத்தின் காப்பை இழந்தவனைக் குறிக்கும் ‘அவுட்லா’ என்னும் சொல்லும் அவ்வழியே வந்ததுதான். இன்றைய டேனிஷ் மொழியில் ‘லௌ’ என ஒலிக்கும் இச்சொல்லை, அகதி விண்ணப்பம் முதல் குடியுரிமை வரை புலம்பெயர்ந்த தமிழர் ஒவ்வொரு படியிலும் எதிர்கொள்கின்றனர்.

டென்மார்க்கின் இரண்டாம் வல்டெமார் மன்னன் 1241 இல் வழங்கிய யூட்லாந்துச் சட்டம், இலத்தீனில் அன்றி மக்கள் பேசிய டேனிஷ் மொழியில் எழுதப்பட்டது. நாட்டைச் சட்டத்தின் மீதே கட்டியெழுப்ப வேண்டும் என்று தொடங்கும் அதன் முன்னுரைக் கருத்து, கோப்பன்ஹேகன் நகர நீதிமன்றத்தின் முகப்பில், உயர்ந்த தூண்களுக்கு மேலே, இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சட்டம் ஆண்ட யூட்லாந்தில்தான், ஹேர்னிங், பிராண்டெ போன்ற ஊர்களில், இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்த தமிழர் குடியேறிக் கோயில்களும் அமைத்தனர்.

இத்தமிழரின் வழியாகவே அக்கருத்து டென்மார்க்கில் சோதனைக்குள்ளானது. 1983 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவர் தம் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் குடும்ப இணைவை, அதாவது பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதை, உரிமையாகவே வழங்கியிருந்தது. ஆயினும் 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டிருந்தமையால், கோப்பன்ஹேகன் அலுவலகத்தில் கோப்பு ஒன்று அசையாமல் கிடந்த ஒவ்வொரு மாதமும், ஷெல் வீச்சுக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவே ஒரு தாயும் பிள்ளைகளும் காத்திருந்த மாதமாயிற்று.

நாடாளுமன்றத்தின் சார்பில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் குறைகேள் அதிகாரி இதை ஆராய்ந்தார். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் தலைமையில் விசாரணை நடந்தது. ஏறத்தாழ 6,000 பக்கங்கள் கொண்ட அவரது அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும், 1982 முதல் பதவியில் இருந்த பிரதமர் பவுல் ஷ்லூட்டர் விலகினார். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே அமைந்த ‘ரீக்ஸ்ரெட்’ என்னும் சிறப்பு நீதிமன்றம், 1995 இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் அரசியல் வரலாற்றில் இது ‘தமில்சேயன்’, அதாவது தமிழர் வழக்கு, என்றே பெயர் பெற்றுள்ளது.

பிரிந்திருந்த ஆண்டுகளை எத்தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது. எனினும், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையோ செல்வாக்கோ இல்லாத அகதிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக ஓர் அரசே பதவி இழந்தது என்பது, சட்டம் அதை இயற்றுவோரையும் கட்டுப்படுத்தும் என்பதற்குச் சான்றாகும். டேனிஷ் மாணவர் பாடநூலில் படிக்கும் இவ்வழக்கைத் தமிழ்ப் பிள்ளைகள் தம் பெற்றோர் வாயிலாகவும் அறிதல் வேண்டும். காத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழும்போதே அவர்களின் சொற்களைத் தமிழில் பதிவுசெய்வது இத்தலைமுறையின் கடமையாகும்.