401 வந்தா பயப்படாதீங்க மக்களே!

ஒரே பெட்டியில் நாலு மெஷின் ஓட்டலாம்னு ப்ராக்ஸ்மாக்ஸ் 9 போட்ட வேலப்பன்சாவடி நண்பர், அப்டேட்டில் '401' வருதேன்னு போன் பண்ணினார். சந்தாதாரர்களுக்கான எண்டர்பிரைஸ் ரெப்போக்கள் முதல்லயே ஆன்ல இருக்கும். சந்தா இல்லேன்னா கதவு திறக்காது, அவ்ளோதான்.

நிறைய பேர் அதை ஆஃப் பண்ணிட்டு 'அப்பாடா'ன்னு போயிடறாங்க. சிக்கலே அங்கதான்! டெபியன் அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும், எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா கெர்னலும், மெஷின்களை ஓட்டுற கியூஎம்யூவும் ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்போவில் இருந்துதானே வரணும்? 2015-ல் 'வெனம்' ஓட்டை ஞாபகம் இருக்கா? கியூஎம்யூவின் ஃப்ளாப்பி கோடு வழியா உள்ளிருக்கும் மெஷின் வெளியே குதிக்க வழி இருந்தது.

அதனால 'அப்டேட்ஸ்' கீழே 'ரெப்போசிட்டரீஸ்' போய் 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்போவைச் சேர்த்துடுங்க. வீட்டுக்கு இது போதும். ஆபீஸ் சர்வர்னா சந்தா கட்டிடறது உத்தமம் :)