ஒரு மாதிரி

இதயத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. என் இதயத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் திரையில், சாம்பல் நிறத்தில். சாயம் பாய்ந்ததும் கறுத்த கிளைகள் தோன்றி, இரண்டு மூன்று துடிப்புகளில் மறைந்தன. இலை உதிர்ந்த மரம் என்று நினைத்தேன். நினைத்த உடனேயே அந்த உவமையின் மேல் சலிப்பு வந்துவிட்டது. நான் எழுத நினைப்பது என் வலது தொடையைப் பற்றி.

மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்துவதுதான் இப்போது வழக்கம். எனக்கும் அங்கேதான் தொடங்கினார்கள். தமனி இறுகிக்கொண்டு வழிவிடவில்லை. தொடை இடுக்குக்கு மாறினார்கள். முதலில் ஊசி, ஊசிக்குள் கம்பி, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாகவே குழாய். ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953-ல் வெளியிட்ட முறை இது. தமனியைக் கத்தியால் திறக்கும் வேலை அதோடு போயிற்று. குழாயின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அதை உருவிய பிறகு ஒரு துவாரம் மிஞ்சுகிறது. அதை அடைக்க, இத்தனை யந்திரங்களுக்குப் பிறகும், ஒரு மனிதக் கை வேண்டியிருக்கிறது. ஓர் இளைஞர் தன் உடம்பின் பாரத்தையெல்லாம் மூன்று விரல்களில் இறக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிஷம் அழுத்திக்கொண்டு நின்றார். பின்பு ஆறு மணி நேரம் மல்லாந்த படுக்கை. காலை மடக்கக் கூடாது. இருமினால் கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும்.

இதயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் தொடை கன்றிப்போயிருந்தது. கத்தரிக்காய்த் தோலின் கறுநீலம். அடுத்த நாள் அது முழங்காலை நோக்கி இறங்கியிருந்தது. கசிந்த ரத்தம் தோலுக்கடியில் தன் கனத்தால் கீழே இறங்குவதுதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது தந்த காகிதத்தில் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளால் கன்றல் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் அதே காகிதத்தில் இருந்தது: பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம், கை வைத்தால் துடிக்கும் கட்டி, பாதம் சில்லிடுதல் அல்லது மரத்தல், காய்ச்சல், முதுகிலோ விலாவிலோ புதிதாக வரும் வலி. ரத்தம் பீறிட்டால் படுத்துக்கொண்டு அந்த இடத்தை அழுத்திப் பிடித்து ஆளனுப்ப வேண்டும். இவை எல்லாவற்றையும் படித்திருந்தேன். அதிலிருந்த ஓர் ஒற்றுப் பிழையைப் பென்சிலால் திருத்தியும் வைத்திருந்தேன்.

நண்பர்கள் டெலிபோனில் விசாரித்தார்கள். எல்லோரும் இதயத்தையே விசாரித்தார்கள். இதயம் கௌரவமான உறுப்பு. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசலாம். தொடை இடுக்கு அப்படியல்ல. வேட்டியை விலக்கி என் மனைவியிடம் காட்டக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பது வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு இது வேடிக்கைதான்.

நாலாம் நாள் இரவு இடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கையை வைத்தேன். துடித்தது. கையை எடுத்துவிட்டேன். வெகு நேரம் யோசித்து, ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தேன். மறுமுனையில் சிறு வயதுக் குரல்.

"எப்படி சார் இருக்கு?"

"காலு ஒரு மாதிரியா இருக்கு."

"கொஞ்சம் வலி, கறுப்பு எல்லாம் இருக்கும் சார். பயப்படாதீங்க."

அவர் மேல் பிசகு இல்லை. நான் சொன்னதற்கு அதுதான் பதில்.

முப்பது வருஷமாகப் பிறர் கவிதைகளில் 'ஏதோ ஒரு', 'இனம்புரியாத', 'ஒரு மாதிரி' என்று வந்த இடங்களில் கோடு போட்டவன் நான். அனுபவத்தைச் சொல்ல வக்கில்லாதவனின் சொற்கள் இவை என்று இதே மாதிரிச் சிறுபத்திரிகைகளில் எழுதியுமிருக்கிறேன். என் காலைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோது எனக்குக் கிடைத்ததும் அந்தச் சொல்தான். இல்லை, கிடைத்தது என்பது சரியல்ல. தேர்ந்தெடுத்தேன். 'துடிக்கிறது' என்ற சொல் என் நாக்கில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அது நிஜமாகிவிட்டிருக்கும்.

மறுநாள் காலை நான் நொண்டுவதை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"வலி எப்படிங்க இருக்கு? குத்துதா, இழுக்குதா, கடுக்குதா, குடையுதா? இல்லே, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

என் தாயாரைப் படுக்கையில் வைத்து மூன்று வருஷம் பார்த்தவள் அவள். இந்தச் சொற்கள் அந்த அறையில் புழங்கியவை. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. அலங்காரமாக ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது.

"நடந்தா இழுக்குது. படுத்தா விண்ணு விண்ணுங்குது" என்றேன். கேட்ட பிறகு சொல்ல முடிந்தது.

அவள் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். கட்டியின் மேல் கையை வைத்தாள். புறங்கையால் பாதத்தைத் தொட்டாள். பிறகு அவளே டெலிபோனை எடுத்தாள். "ராத்திரி சுண்டக்கா அளவுதான் இருந்துச்சாம். இப்ப எலுமிச்சம்பழம் அளவு இருக்கு. கை வச்சா துடிக்குது. பாதம் சூடாத்தான் இருக்கு, நெறம் மாறல." அவ்வளவுதான்.

"உடனே கூட்டிட்டு வாங்கம்மா."

டாப்ளர் கருவியில் பார்த்தார்கள். தமனியின் துவாரம் அடைபடவில்லை. அதன் வழியே ரத்தம் வெளியேறி, தசைக்குள் ஒரு பை மாதிரி கட்டிக்கொண்டு, துடிப்புக்குத் துடிப்பு போவதும் வருவதுமாக இருந்தது. திரையில் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. இதற்குப் பெயர் சூடோ அன்யூரிசம். பொய் வீக்கம் என்று தமிழில் சொல்லலாம். தமனியின் சுவரே உப்பியிருந்தால் அது மெய் வீக்கம்; இதற்கு அந்தச் சுவர் கிடையாது என்பதால் பொய். சிறியது சில சமயம் தானே மூடிக்கொள்ளும். பெரிதாகிக்கொண்டு போனால் வெடிக்கவும் கூடும். பார்க்கிற கருவியாலேயே அழுத்தினார்கள். பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை. இந்தச் சிகிச்சை முழுவதிலும் நான் சத்தம் போட்டுக் கத்தியது அப்போதுதான். மூன்றாம் தடவை கையை எடுத்தபோது சுழல் நின்றிருந்தது. இப்படி நிற்காதபோது, ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை அந்தப் பைக்குள் ஊசியால் செலுத்துவார்களாம். அதுவும் ஆகாவிட்டால் அறுவை.

பிறகு வந்த நாட்களில் கறுநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மூன்று வாரத்தில் மறைந்தது. தேங்கிய ரத்தத்தை உடம்பு பிரித்துச் சாப்பிடும் வரிசை அது. முன் தொடையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் மதமதப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. நரம்பு நசுங்கியதால் வந்தது, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படி வேண்டாம் என்றிருந்த நாட்களில் ஃபோர்ஸ்மனைப் பற்றிப் படித்தேன். 1929-ல், ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊர். தன் மேலேயே செய்து பார்க்கும்படி முன்வந்த நர்ஸை மேஜையில் கட்டிப்போட்டுவிட்டு, அவர் தன் இடது கைச் சிரையைத் திறந்து அறுபத்தைந்து சென்டிமீட்டர் குழாயைச் செலுத்திக்கொண்டார். குழாய் தொங்கும் கையோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அதன் முனை எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொண்டார். 1956-ல் நோபல் பரிசு. அவருடைய துணிச்சலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அந்த நடை. இதயத்தைத் தொட்டதாக உணர்ந்தேன் என்று எழுதிவைத்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அவர் போய்ப் பார்த்தார்.

மொழியின் தெளிவின்மையைத் திறமைக் குறைவு என்றே இதுவரை நினைத்து வந்தேன். பல சமயம் அது பயம். சொல் இல்லாததால் அல்ல, பார்க்க விரும்பாததால் மங்கலாகப் பேசுகிறோம். நான் கோடு போட்ட கவிதைகளில் எத்தனை பேர் எந்தக் கட்டியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார்களோ. அந்த வரிகள் இதனால் நல்ல வரிகளாகிவிடப் போவதில்லை. ஆனால் கோடு மட்டும் போட்டது போதாது என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் ஓர் இளைஞர் கவிதைகள் அனுப்பியிருந்தார். இரண்டாவது கவிதையில் 'ஏதோ ஒரு வலி' வந்தது. பென்சிலை எடுத்தேன். கோடு போடாமல் ஓரத்தில் எழுதினேன்: குத்துகிறதா, இழுக்கிறதா, கடுக்கிறதா, குடைகிறதா?