தந்தையாரின் கார்னெட்

எம் தந்தையார் இறையடி சேர்ந்த மறு ஆண்டு, மழைக்கு முன்னே வீட்டின் ஓடுகளை மாற்ற எண்ணிப் பரணிலிருந்த பொருள்களை இறக்கினோம். பழந்துணியில் சுற்றிய கார்னெட் ஒன்று அவற்றிடையே அகப்பட்டது. வீரமாமுனிவர் எழுப்பிய கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்தின் தேர்ப்பவனியில் தந்தையார் ஊதிய கருவி அது. பட்டாளத்தார் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்கியதாக அவர் சொல்லக் கேட்டதுண்டு.

வீடு என் தங்கையுடையது. கணவரை இழந்த அவளிடம் ஓடு மாற்றப் பணமில்லை. பழைய பித்தளை வாங்குபவர் கருவியைத் தராசிலிட்டு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்று கூறி 500 ரூபாய் நீட்டினார். உறவினர் ஒருவரோ, அதன் அகன்ற வாயில் 'லண்டன்' என்று பொறித்திருப்பதைக் கண்டு, "இது இலட்ச ரூபாய்க்குப் போகும்" என்றார். இவ்விரண்டில் எது மெய்?

நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடமொன்றில் முப்பது ஆண்டுகள் தரம் பார்த்தவன். கோப்பையை விரல் நுனியில் தாங்கித் தட்டினால் நல்லது கணீரென்னும். கண்ணுக்குப் புலப்படாத விரிசலுள்ளது மந்தமாய் ஒலிக்கும். ஆனால் பித்தளைக் கருவியைப் பற்றி நான் ஏதும் அறியேன். ஆகவே முதிய பேண்டு மாஸ்டர் ஒருவரை நாடினேன்.

அவர் முதலில் பொறிப்பைப் படித்தார். "பூசி கம்பெனியும் ஹாக்ஸ் கம்பெனியும் 1930இல் ஒன்றாயின. இதில் பூசியின் பெயர் மட்டுமே இருப்பதால், பெரும்பாலும் அதற்கு முந்தியது" என்றார். பின்னர் நடு வால்வின் உறையிலிருந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்நிறுவனத்தின் பழைய உற்பத்திப் பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. எண்ணைக் கொண்டு கருவியின் வயதை அறிய அவை உதவுமாம். 'லண்டன்' என்ற சொல்லை மட்டும் நம்பி விலை பேசலாகாது என்றும், 1885இல் தொடங்கிய மீரட் நகரத்து நாதிர் அலி நிறுவனம் போன்ற நம் நாட்டுப் பட்டறைகளின் கருவிகளே நம் பேண்டுகள் பலவற்றில் முழங்கியவை என்றும் கூறினார்.

அடுத்து, வால்வை அழுத்தாமலே அதன் சிறு குழாயைச் சட்டென்று உருவினார். 'பொப்' என்ற ஓசை எழுந்தது, காற்றுக் கசிவில்லை. ஆனால் ஊதுவாயை அடுத்த குழாயில் செந்நிறப் புள்ளிகள் தெரிந்தன. பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பு மட்டும் எஞ்சும் நோய் அது. நாளடைவில் குழாய் அவ்விடத்தில் ஓட்டையாகும்.

இறுதியாக ஊதிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். "இது உச்ச சுருதிக் கருவி. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு விநாடிக்கு 440 அதிர்வுகளைப் பொது அளவாக ஏற்றது. இது ஏறக்குறைய 452. ஆங்கில நாட்டுப் பித்தளைப் பேண்டுகள் 1960கள் வரை இதையே விடாமல் வைத்திருந்தன. சுருதிக் குழாயை எவ்வளவு இழுத்தாலும் இன்றைய கீபோர்டோடு இது முழுதும் இசையாது. அழகுக்கு வைப்பவர் 8,000 கொடுக்கலாம். வாசிப்பவர் அதுவும் கொடுக்கலாகாது."

மறு வாரமே பக்கத்து ஊர் பேண்டு செட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், லண்டன் கருவி என்று கேள்விப்பட்டு, வட்டிக்கு வாங்கிய 15,000 ரூபாயுடன் வந்து நின்றார். தங்கை என்னைப் பார்த்தாள். ஓட்டுக்கு வேண்டிய தொகை ஏறக்குறைய அதுவே. நான் வாய் திறவாதிருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்கூடத்தில் விரிசலுள்ள கோப்பையைத் தனியே ஒதுக்கி, 'இரண்டாம் தரம்' என்று சொல்லியே விற்போம். அந்த வழக்கம் என் நாவைப் பிடித்து இழுத்தது. "தம்பி, திருவிழாவில் கீபோர்டுடன் வாசிக்க இது உதவாது" என்று தொடங்கி, சுருதியையும் செந்நிறப் புள்ளிகளையும் காட்டினேன். அவர் கைப்பேசியில் சுருதியை எழுப்பி, ஊதி ஒப்பிட்டார். முகம் வாடியது. "நல்ல வேளை ஐயா" என்று கைகூப்பிப் பணத்துடன் திரும்பினார்.

தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவ்வாண்டு மழைக்குத் தார்ப்பாய்தான் கூரை. ஓட்டுச் செலவை நானும் அவளும் தவணையாகக் கட்டி முடிக்க ஓராண்டு ஆயிற்று.

மூன்றாம் நாள் அவள் அக்கருவியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, அப்படியானால் அப்பா சுருதி தவறியா ஊதினார்?" இல்லை. அன்று அவர்கள் பேண்டில் எல்லாக் கருவிகளும் அதே உச்ச சுருதியில் இருந்தன; ஒன்றோடொன்று இசைந்தே முழங்கின. அதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. கருவி இப்போது பரணில் இல்லை. தந்தையாரின் படத்தின் கீழே இருக்கிறது.

உங்கள் இல்லத்துப் பரணிலும் இத்தகைய கருவி இருக்கலாம். தராசுக்காரரிடம் கொடுப்பதற்கு முன் பெயரையும் எண்ணையும் படியுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். வாங்க வருபவர் அதை எதற்காகக் கேட்கிறார் என்பதையும் விசாரியுங்கள்.