மஞ்சள் மீ

கோல சிலாங்கூரின் புதுக்கடை வரிசை ஒன்றில், கைத்தொலைபேசிக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே, ராமென் விற்கும் உணவகம் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் என் பேத்தி என்னை அங்கே அழைத்துச் சென்றாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தவள். தாத்தாவுக்கு உலகத்தைக் காட்டிவிட வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு. வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை வரிசையில் நிற்க வேண்டுமாம். வரிசையில் நிற்பது எனக்கு ஒருபோதும் பிடிக்காத காரியம். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உள்ளே போய் அமர்ந்ததும் படங்கள் நிறைந்த பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கறி ராமென், தொம்யாம் ராமென், கொரிய நாட்டு மிளகாய்ச் சாந்திட்ட ராமென் எனப் பல வகைகள் இருந்தன. ஆசிய நாடுகள் பலவற்றின் சுவைகளை ஒன்றாகக் கலந்து தருவதே இக்கடையின் சிறப்பு என்று பேத்தி விளக்கினாள். கலப்பு என்பதை நேற்றுத்தான் யாரோ கண்டுபிடித்தாற்போல் அவள் சொன்னது எனக்குச் சிரிப்பை மூட்டியது, காட்டிக்கொள்ளவில்லை. "பன்றி எலும்பு சூப் இல்ல தாத்தா, கோழிதான்," என்று நான் கேளாமலே சொன்னாள். என் தாயார் உயிரோடிருந்தால் அந்த ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கிண்ணம் வந்தது. சட்டி என்றே சொல்லலாம், அவ்வளவு பெரியது. ஆவி முகத்தில் அடித்தது. குழம்பின் மணத்துக்கு அடியில் வேறொரு மணம் மெல்லியதாக இருந்தது. அது காரநீரின் மணம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எனக்குப் பழக்கமான அந்த மணத்தை ஜப்பானியக் கிண்ணத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. கோலால் கிண்டிப் பார்த்தேன். மஞ்சள் மீ. பெயர்தான் வேறு.

கோதுமை மாவைக் காரநீர் விட்டுப் பிசைந்தால் மாவு மஞ்சளாகிறது. இழைக்கு ஓர் இழுவிசையும் வழுவழுப்பும் வந்துவிடுகின்றன. முட்டை சேர்த்ததால் வந்த நிறம் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது காரத்தின் வேலையே. இவ்வித்தை சீனருடையது. பூக்கியன் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அதை இத்தீபகற்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே சீனர்களின் உறவினர் போன்ற வேறு சிலர் யோக்கோஹாமாத் துறைமுகத்தில் இறங்கி ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். 1910இல் தோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் 'ராய்ராய்க்கென்' என்னும் கடையைத் திறந்த ஜப்பானியர், யோக்கோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்தே நடத்தினார். போருக்குப் பின் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோது பசித்த மக்களுக்கு அதுவே உணவாயிற்று. 1958இல் வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் மீயைச் செய்து உலகெங்கும் பரப்பிய மோமொபுக்கு அண்டோ என்பவரும் தைவானில் பிறந்தவர்தாம். ஆக, ஜப்பானின் அடையாளம் என்று இன்று போற்றப்படும் இவ்வுணவு, ஊர்விட்டு ஊர்போனவர்களின் கைவேலை. இதைப் பேத்தியிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பிறந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருந்தது. 2007இல் அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இந்நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் 1917இல் நட்ட இடம் எங்களுக்கு அண்டையில் உள்ள தென்னமரம் தோட்டம். ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வந்ததைப் பற்றி எங்கள் பெரியவர்கள் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. எங்கள் தோட்டத்தில் அப்போது பெரும்பகுதி ரப்பர்தான். விடியுமுன் பெரட்டு, பின்பு பால்வெட்டு, நண்பகலில் பால் நிறுவை. லயத்து வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். மீ என்பது வெளியுலகப் பண்டம்.

என் தாயார் அதைத் தொடமாட்டார். சீனர் கடையில் பன்றிக் கொழுப்பில் பிரட்டுவார்கள் என்பார். மாமாக் கடையில் வாங்கலாமே என்றால், அங்கே மாட்டிறைச்சி வெந்த கரண்டியைப் போட்டுக் கிளறுவார்கள் என்பார். இரண்டு வழியையும் அடைத்துவிட்டு, "வீட்ல இடியாப்பம் இல்லையா?" என்று கேட்பார். எங்கள் சித்தப்பாவுக்கு இந்த ஆசாரம் எதுவும் கிடையாது. மணமாகாதவர், எங்கள் வீட்டின் முன்னறையில் படுத்துக்கொள்வார். சம்பளம் போட்ட மறுநாள் கோல சிலாங்கூருக்குப் பஸ் ஏறி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் மீ கோரேங் தின்றுவிட்டு வருவார். சில வேளைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. அம்மாவுக்கு அது முதல் நாளே தெரியும்.

அந்தக் கடைக்காரர் கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம். அவர் மீ பிரட்டுவதைப் பார்ப்பது தின்பதற்குச் சமமான இன்பம். அகன்ற இரும்புச்சட்டி புகையும்வரை காத்திருப்பார். அரைத்த மிளகாய்ச் சாந்து எண்ணெயில் விழுந்ததும் வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் இருமுவார்கள். அதன்மேல் அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த சோயாக்கட்டி, சாவிக்கீரை, ஒரு பிடி தௌகே, அதற்குமேல் சீனர் பட்டறையிலிருந்து காலையில் வந்த மஞ்சள் மீ. கிச்சாப்பைச் சுழற்றி ஊற்றிவிட்டு, மீயை ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து, அது பாதி வேகும்போது எல்லாவற்றையும் புரட்டிப் போடுவார். தட்டின் ஓரத்தில் அரை மூடி சிறு எலுமிச்சை. சீனர் இழை, தமிழர் மிளகாய், மலாய்க்காரர் பெயர். தமிழகத்திலும் சீனத்திலும் இப்படியொரு பண்டம் அன்று இருந்ததில்லை.

1967ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. அன்று சித்தப்பா என்னை அழைத்துப் போனது மீ தின்பதற்கன்று. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போனார். தமிழகத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கு வந்தவர் அவர். சுதந்திரத்தை அடுத்த ஓராண்டில் விதிகள் தளர்ந்திருந்தபோது என் தந்தையார் நீல அடையாளக் கார்டு வாங்கிவிட்டார். அந்த ஆண்டில் சித்தப்பா பகாங் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பத்தாண்டு கழித்தும் அவர் கையில் சிவப்புக் கார்டுதான் இருந்தது. மலாய் மொழியில் எளிய கேள்விகள் கேட்பார்கள் என்று கிராணியார் சொல்லியிருந்ததால், ஒரு மாதமாக இரவில் என்னை எதிரே உட்கார வைத்துப் பதில்களைச் சொல்லிப் பழகினார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு நான் சிரித்ததுண்டு.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. அன்று அரை நாள் வேலை. காலையில் எதுவும் தின்னாமல் வந்திருந்தேன். ஒரு மணி நேரம் நின்றிருப்போம். முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் பசிக்கிறது என்றேன். பொறு என்றார். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை அழுதேன். பசி அவ்வளவு கொடியதாக இருந்ததா, அல்லது இரும்புச்சட்டியின் நினைப்பில் அழுதேனா என்பதை இன்றளவும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்தப்பா பின்னால் நின்றவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கும் கூட்டம். நாங்கள் திரும்பி வந்தபோது கண்ணாடிச் சன்னலை மூடிவிட்டார்கள். சித்தப்பா கோபிக்கவில்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்று சொல்லி, என் சட்டையில் ஒட்டியிருந்த தௌகேயை எடுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் வேறொன்று. பின்னர் 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் பெற வேண்டும் என்று 1968இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் சிவப்புக் கார்டுக்காரர்கள் பல்லாயிரவர். பெர்மிட் கிடைத்தவர்கள் இருந்தார்கள். கிடைக்காதவர்கள் பெட்டி கட்டினார்கள். 1970இல் சித்தப்பா போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜுலா கப்பல் ஏறினார். அவர் பிறந்த ஊர் அவருக்குத் தெரியாது. முகவரி ஒன்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். என் தாயார் அன்று காலை எழுந்து, வாழ்நாளில் முதலும் கடைசியுமாக, வீட்டில் மீ பிரட்டி டிபன் தூக்கில் கட்டிக் கொடுத்தார். மீ எங்கே வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

1986இல் நான் தமிழகம் சென்றேன். சித்தப்பா திருமணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருந்தார். வந்த மறுநாளே, "உனக்கு ஒண்ணு காட்றேன் வா," என்று கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாருக்குப் பக்கத்துச் சந்துக்கு அழைத்துப் போனார். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழர்களுக்காக 1969இல் ஏற்பட்டது அந்த பஜார். அவர்களோடு அவர்கள் தின்ற உணவும் கப்பலேறி வந்திருந்தது. தள்ளுவண்டியில் செம்மஞ்சள் நிற மீ. அதைச் சட்டியில் இடாமல், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து கொடுத்தார் ஓர் அம்மாள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். 'அத்தோ' என்பது அதன் பெயர். பிசைந்தது என்று பர்மிய மொழியில் பொருள்.

"நம்ம மீ மாதிரி இல்ல. ஆனாலும் மீதானே," என்றார் சித்தப்பா. பதினாறு ஆண்டுகளில் எத்தனை முறை அங்கே வந்திருப்பாரோ தெரியாது. அம்மாளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கேளாமலே இரட்டிப்பாக மிளகாய் போட்டார்.

தின்றுகொண்டிருக்கும்போது அந்த வரிசையைப் பற்றி நான் பேச்செடுத்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தது. நான் அன்று அழாதிருந்தால், என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல தம்பி. நின்னிருந்தாலும் குடுத்திருக்க மாட்டானுங்க. எங்கிட்ட என்ன காகிதம் இருந்துச்சு?"

சூப்பை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்குப் பாதித் தட்டு மீய நீ மிச்சம் வச்சிட்ட. நான்தான் தின்னேன். உருளைக்கிழங்கு வேகல."

அவர் 1994இல் காலமானார். தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ராமென் கடையில் பேத்தி, "எப்படி இருக்கு தாத்தா?" என்றாள். நன்றாகவே இருந்தது, குழம்பு ஆழமாகவும் இழை பதமாகவும் இருந்தன. இருபது வெள்ளிக்கு மேல் கொடுத்துத் தின்னும்போது நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வருமா என்பது வேறு விஷயம். எலுமிச்சை இருந்தால் போதும் என்றேன். அவள் பணியாளை அழைத்தாள். ஒல்லியான இளைஞன், மியன்மார் நாட்டவன். சமையலறைக்குப் போய், பட்டியலில் இல்லாத அந்தச் சிறு எலுமிச்சையை இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். அவனுடைய பெர்மிட் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று கேட்க நா எழுந்தது. கேட்கவில்லை. மாறாக, அத்தோ தெரியுமா என்று மலாயில் கேட்டேன்.

ஒரு கணம் விழித்தான். பின் முகம் முழுவதும் சிரித்து, அந்தச் சொல்லைத் தன் ஊர் உச்சரிப்பில் திருத்திச் சொன்னான். கையால் பிசைந்தும் காட்டினான். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

என் சித்தப்பா வாங்கிக் கொடுத்தார் என்றேன்.